காசநோய்: மருந்து உண்டு, கண்டறிவதில்தான் கோட்டை விடுகிறோம்

புதுதில்லி: உலக நாடுகள் 2030ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டும் என்று வகுத்துக்கொண்ட காசநோய் ஒழிப்பு இலக்கை இந்தியா ஐந்தாண்டுகள் முன்னதாக, 2025க்குள் எட்டிவிடும் என்று 2018 மார்ச் மாதம் தில்லியில் நடைபெற்ற மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். 2015ஆம் ஆண்டோடு ஒப்பிடுகையில், புதிதாக நோய்க்கு ஆளாவோரின் விகிதத்தை 80 சதவீதமும், இறப்பு விகிதத்தை 90 சதவீதமும் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசின் திட்ட ஆவணம் வரையறுத்திருந்தது.

நடந்தது என்ன? 2015இல் ஒரு லட்சம் மக்களில் 237 பேர் புதிதாகக் காசநோய்க்கு ஆளாயினர். 2024இல் இந்த எண்ணிக்கை 187 என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 21 சதவீத வீழ்ச்சி. லட்சத்துக்கு 28 ஆக இருந்த இறப்பு 21 ஆகக் குறைந்துள்ளது. இதே காலத்தில் உலக அளவில் நோய் குறைந்தது 12 சதவீதம்தான் என்பதால் இது முன்னேற்றமே என்று அரசு கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் 80 எங்கே, 21 எங்கே? உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் உயிர்களை இந்நோய் பறித்துக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் இது தீர்க்க முடியாத நோயன்று. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, எத்தாம்புடால் என்னும் நான்கு மருந்துகளே அடிப்படைச் சிகிச்சை. நான்கும் 1960களின் இறுதிக்குள் மருத்துவ உலகின் கைக்கு வந்துவிட்டவை. ஆறு மாதம் தவறாமல் உட்கொண்டால், மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் குணமடைவர். அரசு இவற்றை இலவசமாகவே வழங்குகிறது. அப்படியிருந்தும் மூன்று லட்சம் பேர் ஏன் மடிகின்றனர்? இதற்கான விடையைத் தேடினால், அது மருந்துக் கிடங்கில் மட்டும் இல்லை. நோயாளி முதன்முதலாக மருத்துவரின் முன் இருமிக்கொண்டு உட்காரும் அந்த இடத்திலிருந்தே பிழை தொடங்குகிறது.

55 நாட்கள்

இந்தியாவில் காசநோயாளிக்கு அறிகுறி தோன்றியது முதல் சிகிச்சை தொடங்கும் வரை எத்தனை நாள் ஆகிறது என்பதைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. நடுமதிப்பு 55 நாட்கள் என்று அது கணக்கிட்டது. நோயாளி தாமாகக் காலந்தாழ்த்துவது ஏறத்தாழ 18 நாட்கள். எஞ்சியதில் பெரும்பகுதி, மருத்துவரிடம் வந்த பின்னர் வீணாகும் நாட்கள். நோய் இன்னதென்று உறுதிப்படும் முன் நோயாளி சராசரியாக ஏறத்தாழ மூன்று பேரிடம் வைத்தியம் பார்த்துவிடுகிறார்.

மருத்துவரின் அறையில் என்ன நடக்கிறது? இதை அறியத் தில்லியில் ஒரு புதுமையான ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. காசநோய் அறிகுறிகளைச் சொல்லப் பயிற்சி பெற்ற நலமுள்ள மனிதர்கள், நோயாளிகளைப் போலத் தனியார் மருத்துவர்களிடம் அனுப்பப்பட்டனர். இரண்டு மூன்று வாரமாக இருமல், காய்ச்சல் என்று அவர்கள் முறையிட்டனர். 2015இல் வெளியான முடிவின்படி, 250 சந்திப்புகளில் 52இல் மட்டுமே மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அதாவது 21 சதவீதம். பின்னர் மும்பையிலும் பாட்னாவிலும் 2,602 சந்திப்புகளைக் கொண்டு இதே முறையில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில் இது 35 சதவீதமாக இருந்தது. சளிப் பரிசோதனைக்கோ எக்ஸ்ரேவுக்கோ எழுதிக் கொடுப்பது, அல்லது அரசு மையத்துக்கு அனுப்பிவைப்பது, இவ்வளவே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது.

மருத்துவர்களுக்கு விவரம் தெரியாததா காரணம்? முழுவதும் அப்படிச் சொல்வதற்கில்லை. தில்லி ஆய்வில், இதே நோயாளியின் விவரத்தைக் கேள்வியாகக் கொடுத்து, "என்ன செய்வீர்கள்?" என்று கேட்டபோது சரியான விடை கூறியவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. ஆக, அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையே ஓர் இடைவெளி உள்ளது. கூலி வேலையை விட்டுவிட்டுக் கையில் சிறு தொகையுடன் வருபவர் அன்றே இருமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். பரிசோதனைக்கு அனுப்பினால் அவர் அடுத்த தெருவில் உள்ள மருத்துவரிடம் போய்விடுவார். ஆகவே இருமல் மருந்து, ஆன்டிபயாடிக், சில வேளைகளில் ஸ்டீராய்டு என்று கைக்கு வந்தது எழுதப்படுகிறது.

இதில் மறைந்துள்ள ஆபத்து பெரிது. ஃபுளோரோகுயினலோன் வகையைச் சேர்ந்த ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கக்கூடியவை. அவற்றைச் சில நாட்கள் உட்கொண்டால் இருமல் தணியும், நோயாளி தேறிவிட்டதாக எண்ணுவார். கிருமியோ உள்ளே உயிரோடு இருக்கும். பரிசோதனையில் அது தென்படாமல் போகலாம். அதைவிடக் கொடுமை, மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு என்று காத்துவைக்கப்பட்டிருக்கும் இவ்வகை மருந்துக்கே கிருமி பழகிவிடும். ஸ்டீராய்டோ உடலின் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தி நோயைப் பரவவிடும். இந்த 55 நாட்களிலும் அவர் வீட்டாருடன் உண்டு, உறங்கி, நெரிசல் மிகுந்த பேருந்தில் பயணம் செய்துகொண்டிருக்கிறார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நுண்ணோக்கியின் எல்லை

பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களின் நிலை என்ன? ராபர்ட் கோச் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது 1882 மார்ச் 24ஆம் நாள். அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே முதன்மைப் பரிசோதனையாக இருந்து வந்தது. செலவு குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். 1997இல் தொடங்கி 2006 மார்ச்சில் நாடு முழுவதையும் எட்டிய திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் இதன்மீதே கட்டப்பட்டது.

ஆனால் ஒரு மில்லி லிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் அவை தென்படும். எனவே நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இப்பரிசோதனையில் தப்பிவிடுகின்றனர். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களிடமும் குழந்தைகளிடமும் தவறும் விகிதம் இன்னும் கூடுதல். மேலும், காசநோய் நுரையீரலோடு நிற்பதன்று. நிணநீர்க் கணு, முதுகெலும்பு, மூளை உறை, குடல், கருப்பை என எங்கும் பரவக்கூடியது. இந்தியாவில் பதிவாகும் நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இவ்வகையினரே. அவர்களுக்குச் சளியில் தேடிப் பயனில்லை. திசுவையோ நீரையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு மாவட்டத் தலைநகருக்கோ மாநிலத் தலைநகருக்கோ செல்ல வேண்டியிருக்கிறது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடத்தப்பட்ட தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு, நம் அணுகுமுறையின் குறையை வெளிச்சமிட்டது. அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதத்தினர் எந்த மருத்துவரையும் நாடியிருக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திராவிட்டால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் விடுபட்டிருப்பர். அதாவது, "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?" என்ற கேள்வியை மட்டும் வைத்து நோயாளியைத் தேடினால், பத்துப் பேரில் நால்வர் கண்ணில் படாமலே போய்விடுவர். நுரையீரல் காசநோய் மிகுந்த பகுதியாக அக்கணக்கெடுப்பு அடையாளம் காட்டியது, திட்டங்களைத் தீட்டும் அமைச்சகங்கள் குடியிருக்கும் தில்லியையே. 15 வயதைக் கடந்தவர்களில் லட்சத்துக்கு 534 பேர் அங்கு நோயுடன் இருந்தனர். நாட்டின் சராசரி 316.

இந்தப் பாடத்தை அரசு ஓரளவு கற்றிருக்கிறது. 2024 டிசம்பர் 7ஆம் நாள் அரியானாவின் பஞ்ச்குலாவில் தொடங்கப்பட்ட நூறு நாள் இயக்கத்தில், கையில் எடுத்துச் செல்லத்தக்க எக்ஸ்ரே கருவிகள் கிராமங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. 347 மாவட்டங்களில் தொடங்கிய இவ்வியக்கத்தில் கண்டறியப்பட்ட 7.19 லட்சம் நோயாளிகளில் 2.85 லட்சம் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவித்தது. தேடினால் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் நூறு நாள் இயக்கமாக நடப்பது அன்றாட நடைமுறையாக மாற வேண்டும்.

தவறான பரிசோதனையின் வணிகம்

நுண்ணோக்கி நோயைத் தவறவிட்டதென்றால், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிய பரிசோதனையும் நம் நாட்டில் கொடிகட்டிப் பறந்தது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைதான் அது. காசநோய்க் கிருமி ஒருமுறை உடலுக்குள் நுழைந்தவர்கள் இந்தியாவில் கோடிக்கணக்கில் உள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் தோன்றுவதே இல்லை. இத்தகைய நாட்டில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது நோயை உறுதிசெய்யாது. நோயுள்ளவரிடம் அது தென்படாமலும் போகலாம்.

இப்பரிசோதனையைப் பயன்படுத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011 ஜூலையில் வெளிப்படையாக அறிவித்தது. காசநோய்ப் பரிசோதனை ஒன்றைக் கைவிடுமாறு அந்நிறுவனம் கூறியது அதுவே முதல் முறை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய பரிசோதனைகள் செய்யப்படுவதாகவும், ஒவ்வொன்றுக்கும் நோயாளிகள் 30 டாலர் வரை செலவிடுவதாகவும் அது கூறியது. இச்சோதனைப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை என்றும், அங்கீகாரம் பெற்ற எந்த ஒழுங்குமுறை அமைப்பும் அவற்றை ஏற்கவில்லை என்றும் அது சுட்டிக்காட்டியது. தங்கள் நாட்டு மருத்துவமனையில் இடம்பெறாத பொருளை ஏழை நாடுகளின் தலையில் கட்டும் வணிகம் இது. அடுத்த ஆண்டு, 2012 ஜூனில், இப்பரிசோதனைப் பெட்டிகளின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு அனைத்தையும் இந்தியா தடை செய்தது. காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதும் அதே ஆண்டு மே மாதத்தில்தான்.

இரண்டு மணி நேரத்தில் விடை

நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2014 முதல் 2016 வரை நடத்தப்பட்ட முதலாவது தேசிய மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பின்படி, புதிய நோயாளிகளில் 2.84 சதவீதத்தினரிடமும், முன்பே சிகிச்சை பெற்றவர்களில் 11.62 சதவீதத்தினரிடமும் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் ஆகிய இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் அடங்காத கிருமி இருந்தது. நுண்ணோக்கியில் எல்லாக் கிருமியும் ஒன்றுபோலவே தெரியும். எதிர்ப்பை அறியக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை பயன்படாத மருந்தையே நோயாளி விழுங்கிக்கொண்டிருப்பார்.

இந்த நிலையை மாற்றியது மூலக்கூறுப் பரிசோதனை. கிருமியின் மரபணுவைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. நுண்ணோக்கிக்கு ஆயிரக்கணக்கில் கிருமி தேவைப்படும் இடத்தில் இதற்கு நூற்றுச் சொச்சம் போதும். ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் இது அமெரிக்க நிறுவனத்தின் கருவி. குளிரூட்டப்பட்ட அறையும் தடையில்லா மின்சாரமும் அதற்கு வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அந்நிறுவனத்தின் குப்பியையே வாங்கியாக வேண்டும். ஏழை நாடுகளுக்கான சலுகை விலையாக 2012இல் நிர்ணயிக்கப்பட்ட 9.98 டாலர், உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2023இல்தான் 7.97 டாலராகக் குறைந்தது.

இதற்கு இந்திய அறிவியலாளர்கள் அளித்த விடை ட்ரூநாட். பெங்களூரின் பிக்டெக் ஆய்வகத்தில் உருவாகி, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிக்கும் இக்கருவி பேட்டரியில் இயங்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசை மீதே வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் இதை ஏற்றது. அதே ஆண்டில் கொரோனா பரவியதால் இக்கருவிகள் பலவும் கொரோனாப் பரிசோதனைக்குத் திருப்பப்பட்டன. 2019இல் 24 லட்சமாக இருந்த காசநோய்ப் பதிவு 2020இல் 18 லட்சமாகச் சரிந்தது. நோய் குறைந்ததால் அன்று, தேடுவோர் இல்லாததால்.

கருவி இருந்தும், அது எல்லாருக்கும் முதற்பரிசோதனையாக இன்னும் ஆகவில்லை. உலக அளவிலேயே 2023இல் புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 48 சதவீதத்தினருக்குத்தான் தொடக்கத்திலேயே இத்தகைய விரைவுப் பரிசோதனை கிடைத்தது. நம் நாட்டின் பல மையங்களில் நுண்ணோக்கியே இன்றும் முதல் வாயிலாக இருக்கிறது. மற்றொரு குறையும் உண்டு. வழக்கமாகப் பயன்படும் மூலக்கூறுப் பரிசோதனை ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டுமே சொல்லும். மேற்கூறிய கணக்கெடுப்பில் புதிய நோயாளிகளில் 11 சதவீதத்தினரிடமும், முன்பு சிகிச்சை பெற்றவர்களில் 25 சதவீதத்தினரிடமும் ஐசோனியசிட் எதிர்ப்பு காணப்பட்டது. அவர்களில் பலர் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுபவர்கள். "எதிர்ப்பு இல்லை" என்ற சீட்டுடன் வழக்கமான மருந்தைப் பெற்றுச் செல்லும் அவர்களுக்கு அடுத்த கட்டப் பரிசோதனையும் தேவை.

நீதிமன்றத்தின் படியேறிய நோயாளி

தாமதத்தின் விலையை 2016ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம் கண்டது. பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருவர், பெடாகுயிலின் என்னும் புதிய மருந்தைத் தமக்கு வழங்க உத்தரவிடுமாறு தந்தையின் மூலம் கோரினார். முதலில் வழக்கமான மருந்துகள் பலனளிக்காமல், எதிர்ப்பு இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படாமல், நுரையீரல் பெரிதும் சிதைந்த நிலையில் அவர் தலைநகருக்கு வந்திருந்தார். அப்போது பெடாகுயிலின் நாட்டில் ஆறு மையங்களில் மட்டுமே வழங்கப்பட்டு வந்தது. அவர் தில்லிவாசி அல்லர் என்பதும் மறுப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 2017 ஜனவரியில் அரசுத் தரப்பு இணங்கி, அவருக்கு மருந்து கிடைக்க வழி பிறந்தது. எனினும் 2018 அக்டோபரில் அவர் இறந்துபோனார்.

பெடாகுயிலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2012 டிசம்பரில். அதற்கு முன், மருந்து எதிர்ப்புக் காசநோயாளிகள் மாதக்கணக்கில் கானமைசின் போன்ற ஊசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் செவித்திறனை இழந்தவர்கள் பலர். அவ்வாறு செவித்திறனை இழந்த மும்பையின் நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும், பெடாகுயிலின் மீதான காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் செய்த விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்த்து நின்றனர். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூலக் காப்புரிமை அவ்வாண்டு ஜூலையில் முடிந்ததும், இந்திய நிறுவனங்கள் இம்மருந்தைத் தயாரிக்க வழி திறந்தது. இடதுசாரிகளின் வலியுறுத்தலால் 2005இல் காப்புரிமைச் சட்டத்தில் வலுப்பெற்ற மூன்று (டி) பிரிவின் பயனை இங்கே காண்கிறோம்.

பெடாகுயிலின், பிரிடோமனிட், லைனசோலிட், மாக்ஸிஃபிளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. முன்பு 20 மாதம் வரை நீண்ட சிகிச்சை, ஊசியின்றி ஆறு மாதத்தில் முடிகிறது. ஆனால் இதைத் தொடங்க வேண்டுமானால் எதிர்ப்பு இருப்பது உறுதியாகத் தெரிய வேண்டும். புதிய மருந்து வந்தும், பரிசோதனை பின்தங்கினால் அது யாரைச் சென்றடையும்?

மருந்தும் சோறும்

கண்டறிந்த பிறகு சிகிச்சையை நடத்திச் செல்வதிலும் நாம் தாமதமாகவே திருந்தியிருக்கிறோம். தினமும் உட்கொள்ள வேண்டிய மருந்தை வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கொடுக்கும் முறையை அரசுத் திட்டம் பல ஆண்டுகள் கடைப்பிடித்தது. நேரில் கண்காணிப்பது எளிது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இதனால் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ஒரு மருத்துவர் பொதுநல வழக்குத் தொடுத்தார். ஒன்பது மாதத்துக்குள் தினசரி முறைக்கு மாறுமாறு உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் நாடு முழுவதும் மாற்றம் வந்தது.

அடுத்தது உணவு. சென்னையில் 1956இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், 1959இல் வெளியிட்ட ஆய்வின் மூலம் உலகத்தின் நடைமுறையையே மாற்றியது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றவர்களைப் போலவே, வீட்டில் ஏழ்மையில் இருந்துகொண்டு மருந்து உட்கொண்டவர்களும் குணமடைந்தனர் என்று அது நிறுவியது. ஏழை நாடுகளுக்கு இது பெரும் வரம். ஆனால் மருந்து இருந்தால் உணவு பெரிதன்று என்ற எண்ணமும் இதையொட்டி வேரூன்றிவிட்டது.

அந்த மையத்தின் வழிவந்த தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே அறுபது ஆண்டுகளுக்குப் பின் மறுபக்கத்தையும் காட்டியது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளையும் அவர்களது குடும்பத்தினர் 10,345 பேரையும் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கூடுதலாக வழங்கப்பட்ட வீடுகளில், புதிதாக நோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் நோய் 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீத எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. எந்தத் தடுப்பூசியின் வெற்றியோடும் ஒப்பிடத்தக்க பயன் இது. நோயாளிக்கு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் ஊட்டச்சத்துக்கென அரசு வழங்குகிறது. ஒரு நாளைக்கு 33 ரூபாய். வேலையிழந்த குடும்பத் தலைவரின் வீட்டில் இந்த 33 ரூபாய் எத்தனை பேருக்குப் பங்கிடப்படும் என்று கேட்டால் விடை எளிது.

இறப்போரில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கின்றனர். தாமதமாகக் கண்டறியப்பட்டு, எலும்பும் தோலுமாக வருபவர்கள் அவர்கள். ஆகவே நோய் உறுதியான அன்றே நோயாளியின் எடை, மூச்சு விகிதம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழகம் 2022 ஏப்ரலில் தொடங்கியது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்பது அதன் பெயர். இதற்குப் புதிய மருந்து வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். எடைபார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும், அவற்றைப் பயன்படுத்தும் ஊழியரும் போதும். மற்ற மாநிலங்களும் பின்பற்றத்தக்க முறை இது.

செய்ய வேண்டியவை

காசநோய்ச் செய்தியை அரசுக்குத் தெரிவிக்காத மருத்துவருக்குச் சிறைத் தண்டனை என்று 2018 மார்ச்சில் அரசிதழ் அறிவிக்கை வெளிவந்தது. அச்சுறுத்தல் மட்டுமே மருத்துவரை மாற்றிவிடாது. சளியை எடுத்துச் செல்ல ஆளும், மறுநாளே முடிவைச் சொல்ல ஆய்வகமும், மருந்தை இலவசமாக அவர் வழியாகவே தர ஏற்பாடும் இருந்த இடங்களில் தனியார் மருத்துவர்கள் ஒத்துழைத்துள்ளனர். பதிவாகும் நோயாளிகளில் இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தனியார் துறையிலிருந்து வருகிறது. 2015இல் கணக்கில் வராத நோயாளிகள் 15 லட்சம் என்றிருந்த நிலை பெரிதும் மாறியிருப்பதற்கு இதுவும் காரணம்.

அதே வேளையில் அரசு தன் கடமையிலிருந்து நழுவலாகாது. 2024 மார்ச்சில், மத்திய அரசு வழங்க வேண்டிய அடிப்படைக் காசநோய் மருந்துகளை மூன்று மாதத்துக்கு மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுமாறு தில்லியிலிருந்து கடிதம் சென்றது. மருந்துக் கடைகளில் நோயாளிகளின் குடும்பங்கள் அலைந்தன. ஒரு வாரம் மருந்து தடைப்பட்டாலும் கிருமி எதிர்ப்பைப் பழகிக்கொள்ள அது இடம் கொடுக்கும் என்பது மருத்துவ மாணவனும் அறிந்த பாடம்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025க்குள் பொதுச் சுகாதாரத்துக்குச் செலவிடுவது என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை கூறியது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து 2021-22இல் செலவிட்டது 1.84 சதவீதம். கொரோனாச் செலவும் இதில் அடங்கும். காசநோய் இலக்குக்கு நேர்ந்த கதியையும் இதையும் பிரித்துப் பார்க்க இயலாது.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மூலக்கூறுப் பரிசோதனையே முதற்பரிசோதனையாக வேண்டும். எதிர்ப்பு இன்னதென்று தெரிந்த பின்னரே எந்த மருந்து என்பது முடிவாக வேண்டும். எக்ஸ்ரே கருவி குடிசைப் பகுதிகளுக்கும் சுரங்கங்களுக்கும் செங்கற்சூளைகளுக்கும் ஆண்டு முழுவதும் செல்ல வேண்டும். நோயாளியின் குடும்பத்துக்கும் சேர்த்து உணவுப்பொருள் ரேஷன் கடை வழியாகக் கிடைக்க வேண்டும். இவை எவையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. நம் ஆய்வகங்களே செய்து காட்டியவை, நம் மாநிலங்களே நடத்திக் காட்டியவை. காலக்கெடுவை இன்னொரு முறை தள்ளிவைப்பதற்கு முன், அந்த 55 நாட்களை ஐந்து நாட்களாகக் குறைப்பதற்கு எவ்வளவு பணம், எத்தனை ஊழியர்கள் தேவை என்பதை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லட்டும். அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டிய பொறுப்பு நம் மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு இருக்கிறது.